செல் விழுங்குவதை அளக்க சாதாரண ஒளிரும் சாயம் போதாதா? பிஎச் பார்த்து ஒளிரும் சாயம் எதற்கு?

ராயபுரத்தில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார். மேக்ரோபேஜ் செல்கள் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்கள்) ஈஸ்ட் துகளை விழுங்குவதை அளக்கிற புராஜெக்ட். கைடு, பிஎச் பார்த்து ஒளிரும் பிஹெச்ரோடோ சாயத்தை வாங்கச் சொல்கிறார், விலையோ யானை விலை. சாதாரண ஒளிரும் சாயமான எஃப்ஐடிசியைத் துகளில் ஏற்றினால் ஆகாதா?

நானும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், இந்தச் சாயங்களோடுதான் பிழைப்பு. ஆகும். ஆனால் எது கையை விட்டுப் போகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

எஃப்ஐடிசி செல்லுக்கு வெளியேதான் பளிச்சென்று ஒளிரும். சவ்வில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் துகளும் கணக்கில் சேர்ந்துவிடும். தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டில் கடை வாசலில் நிற்கிற கூட்டத்தையெல்லாம் துணி எடுத்தவர்கள் என்று எண்ணுகிற மாதிரி. போதாததற்கு, விழுங்கப்பட்ட துகள் அமிலத்தில் மங்கிப்போகும். எது வேண்டுமோ அதுதான் மங்கல்!

பிஹெச்ரோடோ இதற்கு நேர் எதிர். 7.4 பிஎச் உள்ள மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) அது இருக்கிற இடமே சரியாகத் தெரியாது. செல் துகளை விழுங்கி ஒரு பைக்குள் அடைத்ததும், பையின் சவ்விலுள்ள வி-ஏடிபேஸ் பம்ப் புரோட்டான்களை உள்ளே தள்ளும். பிஎச் 6, அப்புறம் 5 என்று இறங்க இறங்க (எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்), ஒன்றுமில்லாத இடத்தில் சிவப்புப் புள்ளி ஏறி வரும். வெளியே மிஞ்சியதைக் கழுவக்கூட வேண்டாம், உயிரோடு இருக்கும் செல்லை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம். யோசனை பழசுதான், செல் விழுங்குவதைக் கண்டறிந்த மெச்னிகாஃப் காலத்திலேயே செல்லுக்கு லிட்மஸ் துகளைத் தின்னக் கொடுத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

கைடு சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று: அந்தச் சிவப்பு காட்டுவது அமிலத்தை, விழுங்கியதை அல்ல. ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரியைத் தெரியாதவர் நம் பக்கம் யார்? அந்த டிபி கிருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ரோபேஜ் அதை விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் உயிருள்ள கிருமி அந்தப் பம்பை அண்டவிடாமல் பையின் பிஎச்சை 6.2, 6.4 அளவிலேயே நிறுத்திவிடும். சாயம் அரைகுறையாகத்தான் ஒளிரும். ‘விழுங்கவில்லை’ என்று எழுதினால் அது தப்பு.

அதனால் ஒப்பிட்டுப் பார்க்க கன்ட்ரோல் இரண்டு வையுங்கள். சைட்டோகலாசின் டி, செல்லின் உள் சட்டமான ஆக்டினைக் குலைத்து விழுங்குவதையே தடுக்கும். பாஃபிலோமைசின் பம்பை மட்டும் நிறுத்தும். தட்டில் அந்த இரண்டு குழியும் இருட்டாகத்தான் இருக்கும், காரணம் வேறு வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால் வைவாவில் யாரும் உங்களை அசைக்க முடியாது.

இன்குபேட்டரை விட்டு வெளியே எடுத்தால் பைகார்பனேட் மீடியம் காரமாகிவிடும், பிஎச்சை நிலையாக வைக்கும் ஹெப்பஸ் சேர்த்த மீடியத்தில் பாருங்கள். துகள்கள் கட்டி கட்டியாக இருந்தால் சோனிகேட் செய்யுங்கள் (ஒலி அலையால் பிரியுங்கள்). டிட்டர்ஜென்ட் போட்டுச் சவ்வைத் துளைத்தால் அமிலம் போய்விடும், சிக்னலும் கூடவே போகும்.

காசு இல்லையென்றால் எஃப்ஐடிசி போட்டு, கடைசியில் டிரிபான் புளூ ஊற்றுங்கள். அது உயிருள்ள செல்லுக்குள் போகாது, வெளியே ஒட்டிய துகளின் ஒளியை மட்டும் அணைக்கும். எத்தனை செல் விழுங்கியது என்ற எண்ணிக்கை கிடைத்துவிடும். எப்போது அமிலமானது என்பது கிடைக்காது. உங்கள் கேள்விக்கு எண்ணிக்கை போதுமென்றால் கைடிடம் தைரியமாகச் சொல்லுங்கள். டிரிபான் புளூவைக் கையாளும்போது மட்டும் கையுறை போடுங்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள். புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது.