ஆடியில் கடல், புரட்டாசியில் ஆடிட்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 34 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அண்ணனும் நானும் ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறோம். கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி மில் என்று எல்லாம் அப்பா காலத்து கிளையன்ட்கள். சின்ன வயதில் ஏற்காடு ஏரியில் படகை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதவள் நான். அந்தப் பைத்தியம் முற்றி, பாய்மரப் படகு ஓட்டக் கற்று, படகுத் தலைவருக்கான யாட்மாஸ்டர் சான்றிதழ் வாங்கி, மூன்று வருடமாக கிரீஸில் கோடை சீசனுக்கு சுற்றுலாப் படகின் ஸ்கிப்பராக, அதாவது கேப்டனாகப் போகிறேன். ஜூன் நடுவில் கிளம்பினால் ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புவேன். வந்து இறங்கிய மறுநாளே ஆபீஸ்.

அங்கே சீசன் உச்சத்தில் இருக்கும்போதுதான் இங்கே வருமான வரி ரிட்டர்ன் வேலையும் கழுத்தைப் பிடிக்கும். அண்ணன் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. கேட்பவர்களிடம் "தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார். போன ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போன அம்மாவிடம், கொலுசுக்காரர் ஒருவர் "பாப்பாவுக்கு என்ன வியாதி?" என்று விசாரித்து, குங்குமம் மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. நங்கூரம் நழுவுகிறதோ என்று ஜன்னலுக்கு ஓடுகிறேன். எதிர்வீட்டு மினி லாரி நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

– பெயர் வேண்டாம், சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த இரண்டு மணி விழிப்பு. படகு வேலையை ஜாலி டூர் என்று நினைப்பவர்கள் நிறைய. சனிக்கிழமை ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, அன்றைக்கே அடுத்த குடும்பத்தை ஏற்றும் பிழைப்பு அது. ஜூலை, ஆகஸ்டில் கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். எட்டு வாரம் காதைத் திறந்து வைத்தே தூங்கிய உடம்பு, ஊருக்கு வந்துவிட்டோம் என்று தெரியாமல் இன்னும் காவல் காக்கிறது. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், நீங்கள் இடம் கொடுத்தால். செப்டம்பர் 30-க்குள் வரித் தணிக்கை அறிக்கைகள் போக வேண்டும், தெரியும். இருந்தாலும் இறங்கியதும் பத்து நாள் ஏற்காட்டில் போய்த் தூங்குங்கள். அப்புறமும் விழிப்பு நீடித்தாலோ, பகலிலும் படபடப்பு வந்தாலோ மருத்துவரை நேரில் பாருங்கள்.

எதை விடுவது என்று கேட்டீர்கள். கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தக் குங்குமப் பொட்டலம்தான். இல்லாத வியாதிக்கு ஒரு மனிதர் வேண்டிக்கொள்கிறார். அந்தப் பொய்யை மூன்று வருடமாக அண்ணன் தனியாகச் சுமக்கிறார். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கேட்டால் "போகாதே" என்று வந்துவிடுமோ என்ற பயமும் இருந்திருக்கும். படகில் காவல் முறை மாறி அடுத்தவர் பொறுப்பேற்கும்போது காற்று எந்தப் பக்கம், எதிரே எந்தக் கப்பல் என்று சொல்லாமல் கீழே போய்ப் படுப்பீர்களா? ஆபீசை அப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

மார்கழியிலேயே அண்ணனோடு உட்காருங்கள். போகும் தேதி, வரும் தேதி, அந்த வாரங்களுக்கு ஓர் உதவியாளர், அவர் சம்பளம் உங்கள் பங்கிலிருந்து. "எட்டு வாரம் தாங்காது, ஐந்துதான்" என்று அவர் சொன்னால், சரி, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மை தெரிந்தால் கிளையன்ட்கள் ஓடிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. "எங்க ஆடிட்டரம்மா கப்பல் ஓட்டுது" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார்கள். நம்ம ஊர் அப்படி. அந்தக் கொலுசுக்காரரிடம் மட்டும் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.