குரல்கள் அடங்கிய பின்: மனநல மறுவாழ்வு குறித்து வாசகர் கேள்விகள்

மனச்சிதைவு நோயைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைச் சொல்கின்றன: மருந்தால் நோய் அடங்கிவிட்டது, ஆனால் வாழ்க்கை திரும்பவில்லை. அவற்றிலிருந்து நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. டிப்ளமோ முடித்தவன். ஐந்து ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் காலை பத்து மணி வரை எழுவதில்லை. குளிப்பதற்கே நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் அப்பா சோம்பேறி என்று திட்டுகிறார். முழுக்கக் குணமான பிறகு வேலைக்கு அனுப்பலாம் என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரோ மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்க்கச் சொல்கிறார். ஏதோ விடுதியில் விட்டுவிடச் சொல்கிறாரோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், காரைக்குடி

பதில்: அம்மா, முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். மறுவாழ்வுப் பயிற்சி என்று உங்கள் மருத்துவர் சொல்வது பெரும்பாலும் பகல்நேர மையத்தையும், அதோடு சேர்ந்து வீட்டில் செய்ய வேண்டியவற்றையும்தான். மகன் இரவில் உங்கள் வீட்டில்தான் இருப்பான்.

இந்த நோயில் இரண்டு வகையான அறிகுறிகள் உண்டு. குரல் கேட்பது, காரணமின்றிச் சந்தேகப்படுவது போன்றவை ஒரு வகை. இவற்றை மருந்து பெருமளவு அடக்குகிறது. ஊக்கம் வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி குறைவது, பேச்சு சுருங்குவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் அளவுக்குக் கவனம் நிலைக்காதது ஆகியவை இன்னொரு வகை. இவற்றில் மருந்தின் பலன் குறைவு. உங்கள் மகனிடம் இப்போது மிஞ்சியிருப்பது இந்த இரண்டாம் வகை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இதைச் சோம்பல் என்று அழைப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். காலையில் எழ முடியாததற்கு இரவு மருந்தின் மயக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று அடுத்த முறை கேளுங்கள். நீங்களாக மருந்தைக் குறைத்துவிடாதீர்கள்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஓயாத குறைகூறலும் கடுமொழியும் இருந்தால், மருந்து சாப்பிடுபவர்களுக்குக்கூட நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை இலண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. பின்னர் சண்டிகரில் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, அங்கிருந்த குடும்பங்களில் அத்தகைய கடுமை இலண்டனைவிடக் குறைவாகவே இருந்தது. நம் குடும்பங்களிடம் இருக்கும் இந்தப் பொறுமை சிகிச்சையின் ஒரு பகுதி. கோபத்தில் அதை வீணாக்கிவிட வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

முழுக்கக் குணமான பிறகு வேலை என்னும் யோசனையைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். இத்துறையில் கடந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த பெரிய மாற்றமே இதில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் நோயாளியை ஒரு பட்டறையில் உட்காரவைத்து மெழுகுவத்தி செய்யவும் கவர் ஒட்டவும் ஆண்டுக்கணக்கில் பழக்கினார்கள். தயாரானதும் வெளியே அனுப்பலாம் என்று காத்திருந்தார்கள். தயாராகும் நாள் பலருக்கு வரவே இல்லை. 1990களில் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். நோயாளி விரும்பும் ஓர் உண்மையான வேலையை முதலில் தேடித்தருவது, வேலையில் சேர்ந்த பிறகு அங்கேயே பயிற்சியும் துணையும் கொடுப்பது என்பது அவர்கள் முறை. பல நாடுகளில் நடந்த சோதனைகளில், முதலில் பயிற்சி என்னும் பழைய வழியைவிட இவ்வழியில் அதிகம் பேர் வேலை பெற்றார்கள்.

நம் ஊர்களில் இந்த முறை முழு வடிவில் கிடைப்பது அரிது. ஆனால் அதன் கருத்தை வீட்டிலிருந்தே கையாளலாம். மாலையில் ஆவின் பூத்துக்குப் போய் இரண்டு பாக்கெட் பால் வாங்கி, மீதிச் சில்லறையை உங்களிடம் எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை மட்டும் அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள். சட்டை மாற்றுவது, தெருவில் எதிர்ப்படுபவரின் பார்வையைத் தாங்குவது, கடைக்காரரிடம் பேசுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருக்கின்றன. சில வாரங்களில் அது பழகியதும், தெரிந்தவர் கடையில் நாளுக்கு இரண்டு மணி நேர வேலை கேளுங்கள். சிறிய தொகையானாலும் சம்பளம் அவன் கைக்கே வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து துணைசெய்யும் பணியாளர்களால் பயன் உண்டா என்பதும் நம் நாட்டிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. கோவா, மகாராட்டிரத்தின் சத்தாரா, தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களில் 282 பேரைக்கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மனநலத் துறையில் தொழில்முறைக் கல்வி இல்லாத, ஆனால் முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்கள் மருத்துவமனைச் சிகிச்சையோடு சேர்த்து ஓராண்டு துணைநின்றபோது, நோயாளிகளின் அன்றாடச் செயல்திறன் மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டது. மேம்பாடு மிதமானதுதான். ஆனாலும் எழுந்து குளித்துக் கடைக்குப் போய்வரும் ஒரு மகனைப் பெற்ற தாய்க்கு அந்த மிதமான மேம்பாடு எவ்வளவு பெரிது என்று நீங்கள் அறிவீர்கள்.

கேள்வி: நான் முதுகலைச் சமூகப்பணி மாணவி. மனநல மருத்துவர்கள் மறுவாழ்வைத் தங்கள் கடமையாகக் கருதத் தொடங்கியது எப்போது? இதில் தமிழ்நாட்டின் பங்கு என்ன?
— ஒரு மாணவி, மதுரை

பதில்: ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்து, கவனிக்கும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கியிருப்பதையே தன் வழக்கமாக்கியது. நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே உலகெங்கும் நடைமுறையாக இருந்த காலம் அது.

சென்னையில் இந்த எண்ணத்தை ஊன்றியவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் அவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தார். ஆயிரக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்த இடத்தின் பொறுப்பை ஏற்றவர், நோயாளிகளுக்கு வேலைப் பயிற்சியையும் புறநோயாளிச் சேவையையும் வளர்த்தார். ஓய்வுபெற்ற பின் 1984இல் மருத்துவர் ஆர். தாரா முதலியோருடன் சேர்ந்து ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியச் சமூக மனநல மருத்துவச் சங்கம் உருவானதும் அதே 1984இல்தான். தாராவும் உடன்பணியாற்றியோரும் சென்னையில் முதன்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, அவர்களின் வேலை, திருமணம், குடும்ப வாழ்க்கை என்ன ஆயின என்று பதிவுசெய்தார்கள். நோயாளியின் அறிகுறிகளோடு அவருடைய வாழ்க்கையையும் மருத்துவர் கணக்கிட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆய்வு நம்மிடம் குறைவு.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருந்த மனநலக் காப்பகம் ஒன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அரசும் மருத்துவர்களும் நோயாளி எங்கே வாழ்கிறார் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாமல் போனது. அதை எழுதும்போது இன்றும் எனக்கு வேதனை குறையவில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவப் பட்டமேற்படிப்பில் மருந்தியலுக்குக் கிடைக்கும் இடம் மறுவாழ்வுக்குக் கிடைப்பதில்லை. மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற மருத்துவரிடம், அவர் எங்கே வேலைக்குப் போகிறார் என்று விசாரிக்கும் அவகாசம் இல்லை. அந்த விசாரிப்பை ஏற்க வேண்டியவர் உங்களைப் போன்ற சமூகப்பணியாளர். அப்பணியிடங்கள் போதிய அளவில் உருவாக்கப்படாதவரை மறுவாழ்வு சில ஊர்களின் சிறப்பாகவே நின்றுவிடும் என்பது என் கருத்து.

கேள்வி: மனநலப் பாதிப்புக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உண்டா? என் தம்பிக்கு வாங்கினால் வீட்டில் மற்றவர்களின் திருமணத்துக்குத் தடை வருமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பை அளக்கும் முறையை இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் மறுவாழ்வுக் குழுவே உருவாக்கியது. இதையும் இத்துறையினரின் அருமையான பணிகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என நான்கு துறைகளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தரப்படும். நோய் நீடித்த காலமும் சேர்க்கப்படும். மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதிப்பு 40 சதவீதத்தை எட்டியதாகக் கொள்வர். சட்டப்படியான சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதமே வரம்பு. அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய 4 சதவீத ஒதுக்கீட்டில், மனநோய் இடம்பெறும் பிரிவுக்கு 1 சதவீதம் உண்டு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உடையவர்களும் அதைப் பகிர்கிறார்கள்.

மதிப்பீட்டு நாளில் குடும்பத்தார் செய்யும் தவறு ஒன்று உண்டு. தம்பியைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு அழைத்துச்சென்று, எல்லாம் தானே செய்துகொள்வான் என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் நடப்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

சான்றிதழ் வாங்குவது கட்டாயம் இல்லை. வாங்கினால் அதைத் தேவைப்படும் அலுவலகத்தில் மட்டும் காட்டினால் போதும். ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. திருமணப் பேச்சில் தம்பியின் நோயை மறைப்பதா சொல்வதா என்பது சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழும் கேள்வி. அந்தப் பயத்தால் அவர் உரிமையை இழக்க வேண்டாம்.

கேள்வி: என் அக்கா பல ஆண்டுகளாக ஓர் அரசு மனநல மருத்துவமனையில் இருக்கிறார். நோய் கட்டுப்பட்டுவிட்டது, அழைத்துப்போங்கள் என்கிறார்கள். எனக்கு 64 வயது, ஓரறை வீடு. அவர் அங்கேயே இருந்துவிட முடியாதா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ஐயா, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது, உங்களைக் குற்றவாளியாக நான் பார்க்கவில்லை. ஆனால் கேள்வியை அக்காவின் பக்கமிருந்தும் கேட்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 19ஆம் பிரிவில், சமூகத்தோடு வாழும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ, வேறு வீடு இல்லை என்பதற்காகவோ மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்றும் கூறுகிறது. குணமானவர்களுக்கு இல்லங்கள் அமைக்கும் பொறுப்பை அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அரசுகளுக்கு நினைவூட்டியது. 2019இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பு ஒன்றில், அரசு மனநல மருத்துவமனைகளின் உள்நோயாளிகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கியிருந்தது தெரியவந்தது. உங்கள் அக்காவும் அவர்களில் ஒருவர்.

உங்கள் ஓரறை வீட்டுக்கும் மருத்துவமனை வார்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. வீடற்ற பெண்களுக்காக 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய பேன்யன் என்னும் தொண்டு நிறுவனம், நீண்டகாலம் நிறுவனங்களில் கிடந்தவர்களுக்குச் சாதாரணக் குடியிருப்புப் பகுதிகளில் வாடகை வீடு பிடித்து, நாலைந்து பேர் ஒரு குடும்பம்போல் சேர்ந்து வாழ ஏற்பாடு செய்கிறது. அங்கே சமையலில் என்ன செய்வது, எப்போது தூங்குவது, யாரைப் பார்க்கப் போவது என்பதை அவர்களே முடிவுசெய்கிறார்கள். உதவியாளர் ஒருவர் துணைக்கு இருப்பார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மருத்துவரைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், மனநல சமூகப்பணியாளரைச் சந்தித்து, குழு இல்லத்துக்கோ மறுவாழ்வு இல்லத்துக்கோ அக்காவின் பெயரைப் பரிந்துரைக்க முடியுமா என்று எழுத்துமூலம் கேளுங்கள். அந்தப் பேச்சில் அக்காவையும் உட்காரவைத்து, எங்கே வாழ விருப்பம் என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். இடையில் ஆலோசனை தேவைப்பட்டால் 14416 என்னும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். அக்கா வேறிடத்தில் குடியேறிய பிறகு, மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்கும் தம்பியாக நீங்கள் இருக்க முடியும். அதற்கு ஓரறை வீடு தடையில்லை.