டிடிடி: வயலிலும் சுவரிலும்

கேள்வி: "சூழலியலாளர்கள் டிடிடி பூச்சிக்கொல்லியைத் தடை செய்ததால்தான் இலங்கையில் மலேரியா திரும்பியது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: ஆண்டுக் கணக்கே உதைக்கிறது. 1940களின் நடுவில் வீடுகளுக்குள் டிடிடி அடிக்கத் தொடங்கிய இலங்கையில், 1963இல் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். நோய் ஒழிந்தது என்ற நினைப்பிலும் செலவு மிச்சம் என்றும் 1964 வாக்கில் தெளிப்பை நிறுத்தினார்கள். தடை யாரும் போடவில்லை. அமெரிக்காவே 1972இல்தான் தடை செய்தது.

பிறகு மழை பொய்த்தது. ஓட்டம் நின்ற ஆறுகளில் ஆங்காங்கே நீர் மடுவாகத் தேங்கியது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் குலிசிபேசிஸ் கொசு முட்டையிடத் தேடுவது அத்தகைய நீரைத்தான். 1969இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். மறுபடி டிடிடி அடித்தார்கள். கொசுவுக்கு அது பழகிவிட்டது. 1970களின் நடுவில் மாலத்தியான் என்ற வேறொரு பூச்சிக்கொல்லிக்கு மாறியபோது, அதை விவசாயத்துக்கு விடாமல் சுகாதாரப் பணிக்கு மட்டும் ஒதுக்கினார்கள். நல்ல முடிவு. வயலில் அடிக்கும் மருந்து வடிந்து நீரில் கலந்தால், அந்தச் சிறு அளவைத் தாங்கும் கொசுப்புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். 2012க்குப் பின் உள்நாட்டுத் தொற்று நின்றது; 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

கேள்வி: இந்தியாவில் 1989 முதல் டிடிடிக்கு வயலில் தடை, வீட்டுச் சுவருக்கு மட்டும் அனுமதி. இது முரண் இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: அளவைப் பாருங்கள். 50 சதவீதத் தூள் 1 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் கலக்கினால் 500 சதுர மீட்டர் சுவருக்குக் காணும். சதுர மீட்டருக்கு 1 கிராம் மருந்து. இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் இளைப்பாறும் கொசுதான் குறி. வயலில் அடித்தால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மீனின் கொழுப்பில் சேர்ந்து, அதைத் தின்னும் கழுகின் முட்டை ஓட்டை மெலியவைக்கும்.

சுவரில் அடித்தால் தீங்கே இல்லை என்று சொல்லமுடியாது. அப்படி அடித்த ஊர்களில் தாய்ப்பாலிலும் டிடிடி கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். அதனால் நோய் உள்ள இடத்துக்கு மட்டும்தான் அது. அடிக்குமுன் சாப்பாடு, தண்ணீர்ப் பாத்திரம், தொட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அடித்த கையோடு வெள்ளையடித்தாலோ சாணம் மெழுகினாலோ மருந்து அடியில் மறைந்துவிடும். கொசு அதைத் தொடாது. மிஞ்சிய தூளைத் தோட்டத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.