சிறிய கைத்துப்பாக்கி: எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது?

உடலோடு மறைவாக எடுத்துச் செல்லும் சிறிய துப்பாக்கிகள் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

ஓசூரில் தொழிலாளர் ஒப்பந்த வேலை செய்கிறேன். கூலிப் பணம் கையில் இருக்கும். லைசென்ஸ் வந்துவிட்டது. வீடியோக்களில் பார்க்கும் சிக் பி365, க்ளாக் 43 போல உள்ளங்கை அளவு பிஸ்டல் இங்கே வாங்க முடியுமா?

முடியாது. அவை இரண்டும் 9×19 மி.மீ. தோட்டா சுடுபவை. இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழலின் உள்அளவு). மாவட்டக் கலெக்டர் தரும் லைசென்ஸில் அது வராது. வெளிநாட்டு வீடியோ பார்த்து மாடலை முடிவு செய்துகொண்டு டீலரிடம் போவதில் பயனே இல்லை. முதலில் லைசென்ஸில் என்ன போர், பிஸ்டலா ரிவால்வரா (சுழலும் சிலிண்டரில் தோட்டா ஏற்றுவது) என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நடைமுறையில் உங்கள் முன் இருப்பது .32, அடுத்து .22.

.32 என்றாலும் தோட்டா ஒன்றல்ல, இரண்டு. பிஸ்டலுக்கு 7.65×17, பறந்து போகும் குண்டு சுமார் 4.6 கிராம், அதைத் தாங்கும் உலோகக் கூடு 17 மி.மீ. ரிவால்வருக்கு 7.65×23, குண்டு சுமார் 6.3 கிராம், கூடு 23 மி.மீ. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக் கூடாது. கடையில் ".32 கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் தவறான பெட்டி கைக்கு வரலாம். பெட்டியில் உள்ள அளவை லைசென்ஸோடும் துப்பாக்கியோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வேகத்தில் பிஸ்டல் தோட்டா கொஞ்சம் முந்தும், எடையில் ரிவால்வர் தோட்டா. தற்காப்புக்கு இரண்டுமே மிதமான சக்திதான். ஆகவே எது பலம் என்று குழம்பாமல் எது உங்கள் கைக்குப் படிகிறது என்று பாருங்கள்.

பிஸ்டல் தட்டையாக இருக்கிறது, மறைப்பது எளிது. ஆனால் டீலர் ரிவால்வரை வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (காரிமங்கலம்)

முதல்முறை வாங்குபவர், மாதம் ஒருமுறைகூடச் சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போக வாய்ப்பில்லாதவர் என்றால் டீலர் சொல்வதே சரி. காரணங்களைச் சொல்கிறோம்.

.32 பிஸ்டல்கள் பெரும்பாலும் ப்ளோபேக் வகை. சுடும்போது ஸ்லைடைப் (பிஸ்டலின் மேலே பின்னோக்கி நகரும் பாகம்) பூட்டிவைக்கத் தனி அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. எனவே பிஸ்டல் சிறிதாகச் சிறிதாக ஸ்பிரிங் விறைக்கும். வியர்த்த கையால் அந்தச் சின்ன ஸ்லைடைப் பிடித்து இழுப்பது கடினம். பிடி இரண்டு விரலுக்குத்தான் இடம் தரும். சுண்டு விரல் காற்றில் நிற்கும். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலிக் கூடு சிக்கும். குழல் குட்டை, குறி பார்க்கும் முன், பின் முனைகளின் இடைவெளியும் குட்டை. அதனால் 5 மீட்டரில்கூடக் குறி விலகும்.

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை (டிரிகர்) மறுபடி இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் மேகஸினைத் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) தட்டி, ஸ்லைடை இழுத்துவிட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். ப்ரைமர் (தோட்டாவின் அடியில் அடி வாங்கித் தீ மூட்டும் சிறு மூடி) கடினமாக உள்ள தோட்டாக்களில், அதை அடிக்கும் ஊசி அடித்தும் வெடிக்காமல் போவது நடக்கக்கூடியதுதான். ஒரு கையில் பணப்பை இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ரிவால்வரின் குறை அதன் சிலிண்டர். பேன்ட் பாக்கெட்டில் துருத்தும். இடுப்பு உறைதான் அதற்குப் பொருத்தம். கான்பூரில் 2014-ல் வெளிவந்த நிர்பீக் ரிவால்வர் டைட்டானியக் கலவையால் ஆனது, எடை சுமார் 500 கிராம், ஆறு தோட்டா. 2023-ல் வந்த பிரபல் சுமார் 700 கிராம், குழல் 76 மி.மீ., சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். நிர்பீக் போன்றவை நடுவில் மடிந்து திறப்பவை. எடை குறைந்தால் சுமப்பது சுகம், ஆனால் சுடும்போது உதை கூடும். நாள் முழுக்க இடுப்பில் கட்டுபவர் 500 கிராமையும், எப்போதாவது எடுத்துச் செல்பவர் 700 கிராமையும் கையில் பிடித்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம். வாரம் ஒருமுறை பயிற்சி செய்பவர் என்றால் .32 பிஸ்டலைத் தாராளமாக எடுக்கலாம். அவர் கையில் அது நல்ல கருவி.

பெண்களுக்கு .22 போதுமா? (கிருஷ்ணகிரி)

.22 தோட்டாவில் ப்ரைமர் நடுவில் இல்லை, அடிவிளிம்புக்குள் மருந்து பரவியிருக்கும். அது ஓரிடத்தில் சரியாகப் பரவாவிட்டால் வெடிக்காது. பயிற்சிக்கு அருமையானது, உயிரைக் காக்க நம்புவதற்கு .32-ஐவிட ஒரு படி கீழே. ஆண் பெண் என்று பார்க்காமல் விரலைப் பாருங்கள். காலி ரிவால்வரை ஒரு கையில் நீட்டிப் பிடித்து, ஹேமரைக் (பின்னால் உள்ள சுத்தி) கையால் பின்னுக்கு இழுக்காமல், விசையை மட்டும் தொடர்ந்து ஆறு முறை முழுதாக இழுக்கச் சொல்லுங்கள். முனை ஆடாமல் ஆறாவது இழுப்பும் முடிந்தால் அந்தத் துப்பாக்கி அவருக்கு ஏற்றது. மூன்றாவதிலேயே இரண்டாம் விரலின் உதவி தேவைப்பட்டால் வேறு மாடல் பாருங்கள். கைப்பையில் வைப்பதாக இருந்தால் அந்த அறையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, ஜிப் பூட்டியிருக்க வேண்டும். பை பறிபோனால் துப்பாக்கியும் சேர்ந்து போகும் என்பதால் பையைவிட இடுப்பு உறை மேல்.

பழைய வால்தர் பிபிகே பிஸ்டல், வெப்லி ரிவால்வர் போன்றவை விலைக்கு வருகின்றன. என்ன சோதிப்பது? (பென்னாகரம்)

முதல் சோதனை காகிதம். ஸ்லைடிலும் பிரேமிலும் (துப்பாக்கியின் உடற்பகுதி) உள்ள எண், விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். தனிநபர் ஒருவர் லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்பதானால், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பின்பே விற்கலாம். அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டு துப்பாக்கிதான் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

பிஸ்டலில்: மேகஸினைக் கழற்றி, அதன் பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகஸின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறிவிடும். பிறகு மேகஸினை எடுத்துவிட்டுக் காலி என்று நினைத்துச் சுட்டு விபத்தானவை ஏராளம். அடுத்து, சேஃப்டி போட்டதுமே ஹேமர் இறங்கிவிடும் பிபிகே போன்றவை தவிர மற்றவற்றில், ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, விசையை அழுத்திவிட்டு விடுங்கள். சேஃப்டியை எடுக்கும்போது ஹேமர் விழுந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது, வாங்காதீர்கள். மேகஸின் உதடுகள் (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகள்) வளைந்தோ வெடித்தோ இருந்தால் தோட்டா ஏறாது. பழைய மாடலுக்கு மாற்று மேகஸின் கிடைக்குமா என்பதை வாங்குமுன் விசாரியுங்கள், பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஸ்பிரிங் நைந்திருந்தால் ஸ்லைடு பிரேமில் மோதி மோதி அங்கே தட்டிய தடம் தெரியும்.

ரிவால்வரில், எல்லா அறையும் காலி என்று பார்த்த பிறகு: ஹேமரை ஏற்றிப் பின்பக்கமிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள், விழக் கூடாது. விசையை மெதுவாக இழுத்து, ஹேமர் விழுந்ததும் விசையை விடாமலே சிலிண்டரை அசைத்துப் பாருங்கள், அதிகம் ஆடக் கூடாது. ஆறு அறைக்கும் இப்படி. ஓர் அறையில் மட்டும் சிலிண்டர் முழுதாகத் திரும்பி நிற்காவிட்டால், குண்டு குழலின் வாயில் ஓரமாக இடித்து ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். பிறகு குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். நடுவே கருவளையம் தெரிந்தால், முன்பு குண்டு சிக்கியிருந்து, அதன் மேல் இன்னொன்று சுட்டதால் குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள்.

வேட்டிதான் கட்டுகிறேன். மடியில் செருகிக்கொள்ளலாமா? தோட்டா ஏற்றி வைப்பதா? (பாலக்கோடு)

மடியில் கூடாது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுதாக மூடப்பட்டு, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி வைப்பதும் காட்டி மிரட்டுவதும் குற்றம். வேட்டிக்கு மேல் அகலப் பெல்ட், அதில் விசையைச் சுற்றியுள்ள கூண்டை முழுதாக மூடும் விறைப்பான உறை, மேலே தொளதொளச் சட்டை, இது போதும். பேன்ட் பாக்கெட்டில் என்றால் பாக்கெட் உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை கூடாது. விசைக்குள் சாவி நுழைந்தால் போதும், தொடை போய்விடும்.

பழைய பிஸ்டல் பலவற்றில் ஊசியைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லை. சேம்பரில் தோட்டா இருக்கையில் கீழே விழுந்தால் வெடிக்கலாம். சேம்பர் காலியாக, மேகஸினில் மட்டும் தோட்டா வையுங்கள். ஹேமர் தடுப்பு இல்லாத பழைய ரிவால்வரில் ஐந்து மட்டும் ஏற்றி, ஹேமர் காலி அறைமேல் நிற்கட்டும்.

மேகஸின் நிறைந்திருந்தும் இரண்டாவது தோட்டா ஏறவில்லை. தட்டி இழுத்தும் பயனில்லை. (மத்தூர்)

.32 பிஸ்டல் தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடக் கொஞ்சம் அகலம். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. மேகஸினைக் கழற்றி, கீழ்த் தோட்டாவை மெல்ல அழுத்தி மாட்டலை விடுவித்து, மேல் தோட்டாவை எடுங்கள். நிரப்பும்போது ஒவ்வொரு மேல் விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் உட்கார வேண்டும். நீளம் குறைந்த தோட்டாக்களில் மேகஸினின் முன்பக்கம் இடைவெளி விழும். ஆடி ஆடி மாட்டுவது அதனால்தான். முழு நீள உருண்டை முனைத் தோட்டா வாங்கினால் பெரும்பாலும் தீரும்.

மாந்தோப்பில் பன்றி, யானைத் தொல்லை. பிஸ்டல் உதவுமா? (காவேரிப்பட்டணம்)

உதவாது. .32 குண்டு பன்றியைக் காயப்படுத்தி உங்கள்மேல் திருப்பிவிடும். யானையிடம் பேச்சே இல்லை. தற்காப்புக்குப் பெற்ற லைசென்ஸை அதற்குப் பயன்படுத்தினால் வன உயிரின வழக்கும் சேரும். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அத்திப்பள்ளி தாண்டித் தினமும் பெங்களூரு போகிறேன். எடுத்துச் செல்லலாமா?

லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லுபடி என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றால் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். கர்நாடகத்துக்கு நீட்டிப்பு வாங்கிய பிறகே எல்லை தாண்டுங்கள். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறவர்களும் கவனிக்க: அந்தப் பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. லைசென்ஸ் இருப்பது அங்கே காப்பாற்றாது. அன்றைக்குத் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள்.

சித்திரை வெயிலில் இடுப்புப் பக்கம் துரு பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் போடலாமா? தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது என்ன செய்வது? (அரூர்)

தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுக்காகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டு, வீடு வந்ததும் துடையுங்கள். வழிய விட்டால் எண்ணெய் ப்ரைமருக்குள் இறங்கித் தோட்டா செத்துவிடும். தோல் உறையிலேயே இரவில் வைக்காதீர்கள், அதில் ஊறிய வியர்வை உப்பு இரும்பைத் தின்னும். துப்பாக்கி பீரோவில் ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும்.

ஒப்படைக்கும் முந்தின நாள் குழலுக்குள் எண்ணெய்த் துணி ஓட்டி, வெளியேயும் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றுங்கள். வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். ரசீதில் துப்பாக்கி எண், மேகஸின் எண்ணிக்கை, கொடுத்தால் தோட்டா எண்ணிக்கை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரும்ப வாங்கியதும் எண்ணெயை முழுதாகத் துடைத்து, குழல் அடைபடவில்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே தோட்டா ஏற்றுங்கள்.