பார்சல் மேல் 'கிஃப்ட்' என்று எழுதலாமா?

ஜெர்மன் தோழிக்கு அனுப்பும் பார்சல் மேல் பெரிதாக 'கிஃப்ட்' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பரிசுக்கான ஜெர்மன் சொல்லான 'கெஷெங்க்' என்று எழுதுங்கள். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம், எலி மருந்துக்கே 'ராட்டன்கிஃப்ட்' என்றுதான் பெயர். சுங்கப் படிவத்தில் அச்சிட்டிருக்கும் கிஃப்ட் கட்டத்தில் டிக் அடிப்பது வேறு, அது சரி.

ஆங்கில கிஃப்ட், ஜெர்மன் கிஃப்ட் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், 'கொடு'. பழைய ஜெர்மனில் அது கொடுப்பதைத்தான் குறித்தது, சீதனத்துக்கு இன்றும் 'மிட்கிஃப்ட்' என்கிறார்கள். கிரேக்க 'டோசிஸ்' கொடுத்தல் என்பதிலிருந்து கொடுக்கும் மருந்தளவாக மாறியதே, அந்த வழியில்தான் இதுவும் விஷத்தில் போய் நின்றது. டச்சில் கிஃப்ட் நன்கொடை, விஷம் 'கிஃப்'. ஸ்வீடிஷில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: அங்கே gift என்று எழுதும் ஒரே சொல்லுக்கு விஷம் என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள். பெண் கொடுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதே கொடுப்பதுதான்.