பெயர் இல்லாத ஜிக்கைத் தேடி: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு ஐரிஷ் இசைத்தட்டின் உறையில் எனக்குப் பிடித்த ஜிக்கின் (ஒருவகை நடன மெட்டு) பெயர் 'கன் ஆனிம்' என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரில் தேடினால் சம்பந்தமே இல்லாத மெட்டுகள் வந்து விழுகின்றன. இதில் எது அசல்?

பதில்: எல்லாமே அசல்தான்! ஐரிஷ் மொழியில் அதற்கு 'பெயர் இல்லாதது' என்று பொருள். வாசித்தவருக்குப் பெயர் தெரியாவிட்டால் உறையில் அப்படிப் போட்டுவிடுவார்கள். நானும் அதை ஒரு மெட்டின் பெயர் என்று நம்பி ஒரு வாரம் அலைந்தவன்தான்.

கேள்வி: அப்படியானால் எதை வைத்துத் தேடுவது?

பதில்: தொடக்கச் சுரங்களை வைத்து. ஜிக் ஆறு எட்டுத் தாளம், மும்மூன்றாக எண்ணும் நம் திஸ்ர நடை மாதிரி. ஒவ்வொரு ஆறிலும் முதல் சுரத்தையும் நான்காம் சுரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் வருவதை ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள், இந்த இரண்டும் அவ்வளவாக அசையாது. வாத்தியம் கையில் இருந்தால், மெட்டின் பெயரைத் தேடித் தரும் 'டியூன்பால்' செயலியிடம் வாசித்துக் காட்டலாம்.

கேள்வி: 'மோரிசன்ஸ் ஜிக்' மோரிசன் இயற்றியதா? ஓ'நீலின் ஐரிஷ் மெட்டுத் தொகுப்பில் எந்தப் பக்கம்?

பதில்: இயற்றியது அவர் இல்லை. ஓ'நீலில் அந்தப் பெயரைத் தேடவும் வேண்டாம். 1903-இல் அந்தப் புத்தகம் வந்தபோது ஜேம்ஸ் மோரிசனுக்கு வயது பத்து! அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய பிடில்காரர் அவர். 1936-இல் கெர்ரியைச் சேர்ந்த அக்கார்டியன்காரர் டாம் கார்மொடியோடு சேர்ந்து இதை 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டு) வாசித்தார். தட்டில் இருந்த பெயர் 'மாரிஸ் கார்மொடீஸ் ஃபேவரிட்'. மாரிஸ் என்பவர் டாமின் அப்பா, மெட்டு வந்தது அவர் வழியாகத்தான். அவர்கள் வீட்டில் இதற்கு 'தி ஸ்டிக் அக்ராஸ் தி ஹாப்' என்று பெயர், அதாவது அடுப்புத் திண்டில் குறுக்கே கிடக்கும் குச்சி. தட்டைக் கேட்டுக் கற்றவர்கள் வாசித்தவரின் பெயரையே மெட்டுக்கு ஒட்டிவிட்டார்கள். ஆகவே மூன்று பெயரிலும் தேடுங்கள். சுரம் வேண்டுமா? கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்: ச , , ப , , | ச ப ச ம ரி நி. கடைசி நி கீழ் ஸ்தாயி, காற்புள்ளி என்றால் முந்தைய சுரம் நீள்கிறது.

கேள்வி: ஓ'நீலில் இல்லையென்றால் அது புது மெட்டுதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ஃபிரான்சிஸ் ஓ'நீல் சிகாகோவின் போலீஸ் தலைவர். அங்கே இருந்த ஐரிஷ்காரர்களிடம் கிடைத்ததைத்தான் பெரும்பாலும் சேர்த்தார், 1850 மெட்டுகள். அவர் காதில் விழாதது எவ்வளவோ இருக்கும். பாஸ்டனில் 1883-இல் வந்த ரையன் தொகுப்பையும் புரட்டுங்கள். 1855-க்கு முந்தைய அச்சுக்கு ஃப்ளைஷ்மன் தொகுத்து 1998-இல் வந்த இரண்டு பாகம் போதும். பிந்தையதற்கு பிரண்டான் பிரானாக்கின் தொகுதிகள், முதலாவது 1963.

கேள்வி: பழைய தட்டில் கேட்பது அச்சிலிருப்பதைவிட அரைக் கட்டை ஏறியிருக்கிறது. வேறு மெட்டா?

பதில்: மெட்டு அதேதான், வேகம்தான் வேறு. '78' என்று போட்டாலும் பதிவின்போது எல்லாத் தட்டும் சரியாக 78-இல் சுழன்றதில்லை. சுருதியை விட்டுவிட்டுச் சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள். 1920-களின் தட்டுகளில் பின்னால் பியானோ வாசிப்பவரை நம்பிவிடாதீர்கள். சிலர் மெட்டைக் காதிலேயே வாங்காமல் தட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டுஸ்வரங்களில் ஐரிஷ் ஜிக் உண்டா?

பதில்: ஐரிஷ் மெட்டு உண்டு. 'வந்தே மீனாக்ஷி' கார்க் பகுதியின் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. ஆனால் அது ஜிக் இல்லை, இரண்டடித் தாளம்.

கேள்வி: என்னிடம் இருப்பது இவ்வளவுதான், சார். ச , , ச ரி க | ரி , , ரி க ப | த ப ப ச ப ப. அந்தக் கடைசிச் 'ச' மேல் ஸ்தாயி. ஒரு திருமணத்தில் கேட்டேன், பெயர் சொல்ல ஆளில்லை.

பதில்: 'கெஷ் ஜிக்'! ஐரிஷ் இசை கற்பவர்கள் ஆரம்பத்திலேயே சந்திப்பது. 'போதி பேண்ட்' என்ற ஐரிஷ் குழு 1975-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் இதில்தான் தொடங்குகிறது. அச்சில் 'கின்கோரா' என்ற பெயரிலும் பாருங்கள்.