‘மல்டி கோட்டிங்’ கண்ணாடி: வன்னித் தூசிக்கும் வெயிலுக்கும் தாங்குமா?

கேள்வி (மாங்குளம்): இரவில் ஏ9 வீதியில் வான் ஓட்டுகிறேன். வாகன வெளிச்சம் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தொல்லை தருகிறது. மல்டி கோட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். விலையும் கூட. போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் தொல்லை முழுவதும் தீராது. பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக் வில்லை ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 4 வீத ஒளியைத் தெறிக்க வைக்கும். இரு பக்கமும் சேர்த்தால் 8 வீதம். பவர் கூடியவர்களுக்குக் கொடுக்கும் ‘1.67’ மெல்லிய வில்லையில் (அந்த எண் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் குறிக்கும் முறிவுச் சுட்டி) இது 12 வீதமளவு. சிலிக்கன், சிர்க்கோனியம், தைத்தேனியம் போன்றவற்றின் ஒட்சைட்டுகளை வெற்றிடத்தில் மெல்லிய படைகளாகப் படியவிட்டு (இதுதான் மல்டி கோட்டிங்) இந்தத் தெறிப்பை ஒரு வீதமளவுக்குக் குறைக்கிறார்கள். விளக்குக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு விளக்கு தெரிவதும், பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சம் வில்லையின் உட்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குள் அடிப்பதும் இதனால் குறையும்.

எதிரே வருபவரின் ஹை பீம் நேராகக் கண்ணில் அடிப்பதை எந்தப் பூச்சும் தடுக்காது. வெளிச்சத்தைச் சுற்றிப் புகைபோலப் பரவினால் வானின் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், வயது 50ஐத் தாண்டியவர் என்றால், கண்புரை இருக்கிறதா என்று கண் கிளினிக்கில் காட்டுங்கள். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி வேண்டாம். இருட்டில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்கும்.

கேள்வி (கிளிநொச்சி): வாங்கி இரண்டு மாதம். வில்லையில் சிலந்தி வலைபோல வெடிப்பு. ‘நீங்கள் வைத்திருந்த முறை பிழை’ என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: வெடிப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் சாட்சி. சூட்டில் பிளாஸ்டிக் நன்றாக விரியும். மேலே உள்ள ஒட்சைட்டுப் படை அவ்வளவுக்கு விரியாது, அதனால் வெடிக்கும். வில்லை முழுவதும் ஒரே மாதிரியான வலை என்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம்: வெயிலில் நிறுத்திய வாகனத்தின் டாஷ்போர்ட் (அங்கே வெப்பம் 60 பாகையைத் தாண்டும்), கொதிதண்ணீரில் கழுவியது, விறகடுப்புக்கு மேல் குனிந்து நெடுநேரம் நின்றது. இந்த இடத்தில் கடைக்காரர் சொல்வதை மறுப்பது கடினம்.

வெடிப்பு பிரேமை ஒட்டிய விளிம்பில் மட்டும் இருந்தால் கதை வேறு. வில்லையைச் சற்றுப் பெரிதாக வெட்டி இறுக்கித் திணித்திருக்கலாம், அல்லது பிரேமைச் சூடாக்கும்போது வில்லையையும் சேர்த்துச் சுட்டிருக்கலாம். பூச்சு தோல்போல உரிந்தால் அது சரியாக ஒட்டவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் மாற்று வில்லை கேளுங்கள். நடுவில் ஒரே திசையில் ஓடும் கோடுகள் துடைத்ததால் வந்த கீறல். அதற்குக் கடை பொறுப்பல்ல.

ரசீதில் ‘கோட்டிங்’ என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

கேள்வி (நெடுங்கேணி): செம்மண் தூசி, அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூள். எப்படித் துடைப்பது?

பதில்: முதலில் துடைக்கவே கூடாது. தூசியில் இருப்பது மணல்; சட்டை நுனியாலோ சேலைத் தலைப்பாலோ உலர்ந்தபடி தேய்த்தால் அந்த மணல்தான் பூச்சை அராவும். பச்சைத் தண்ணீரை ஓடவிட்டுத் தூசியைக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் இரு பக்கமும் மூக்குப் பட்டியடியும் தடவி, மீண்டும் அலசுங்கள். துணி மைக்ரோபைபராக இருக்கட்டும். அதையும் வாரம் ஒருமுறை தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலுள்ள மண்ணே கீறும்.

நம் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கல்நீர். அது வில்லையில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி படியும். காயவிடாமல் ஈரத்தோடேயே ஒற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் அரைக் கோப்பை போதும். புள்ளியை எடுக்கத் தேசிக்காய், பற்பசை, ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் எதையும் தொடாதீர்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): நீல ஒளியைத் தடுக்கும் ‘புளூ கட்’ வில்லை போட்டால் போன் பார்ப்பதால் கண் கெடாது என்கிறார்களே?

பதில்: அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். கண் களைப்பை இது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கடையில் டோர்ச் அடித்து அட்டையில் காட்டுவது பெரும்பாலும் 405 நனோமீற்றர் அளவிலான ஊதா ஒளி. போன் திரையின் நீலம் 450ஐ ஒட்டியது. ஆகவே டோர்ச் ஒளியைத் தடுத்துக் காட்டுவது போன் ஒளியைத் தடுப்பதற்குச் சாட்சியல்ல.

கேள்வி (வவுனியா): பூச்சு போட்டிருக்கிறார்களா என்று எப்படி அறிவது? பழைய வில்லையில் புதிதாகப் போடலாமா?

பதில்: வில்லையை ரியூப் லைற்றின் கீழ் சாய்த்துப் பாருங்கள். முன்பக்கத்திலிருந்து ஒன்று, பின்பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு லைற் தெரியும். இரண்டும் மங்கலான பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் பூச்சு உண்டு. பளிச்சென்ற வெள்ளை என்றால் இல்லை. ஒன்று மட்டும் வெள்ளை என்றால் ஒரு பக்கம்தான் போட்டிருக்கிறார்கள். பணம் கட்டுமுன் கேளுங்கள். பாவித்த வில்லைக்குப் பிறகு பூச்சேற்றுவது சரிவராது. பிரேம் நல்லதென்றால் அதை வைத்துக்கொண்டு வில்லையை மட்டும் மாற்றுங்கள்.